வீட்டில் ஒரு வானிலைக் குறிப்பேடு

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

கடவுள் வாழ்த்தை முதல் அதிகாரமாகப் பாடிய திருவள்ளுவர் இரண்டாவது அதிகாரமாக வைத்தது வான்சிறப்பு. இறைவனுக்கு அடுத்தபடியாக மழையை நினைத்தார் அவர். நாமோ மழையை எப்போது நினைக்கிறோம்? நாளைக்குப் பள்ளி விடுமுறையா என்று செய்தி கேட்கும்போது நினைக்கிறோம். தெருவில் முழங்கால் அளவு நீர் வந்தபின் நினைக்கிறோம். மழை விட்டதும் மறந்துவிடுகிறோம். மறந்துவிடாமல் இருக்க ஒரு எளிய வழி உண்டு. அதுதான் வீட்டில் வானிலைக் குறிப்பேடு எழுதுவது. அதை எப்படித் தொடங்குவது, என்னென்ன எழுதுவது, அதனால் என்ன பயன் என்பதை நாங்கள் கற்றுக்கொண்ட அளவில் இங்கே சொல்ல முன்வருகிறோம்.

நாங்கள் தொடங்கிய கதை

நாங்கள் ஐந்து தோழியர். ஒருத்தி இராயபுரம், இருவர் காசிமேடு, ஒருத்தி திருவொற்றியூர், ஒருத்தி எண்ணூர். 2023ஆம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னைக் கரையோரமாக நகர்ந்தபோது நாங்கள் எட்டாம் வகுப்பில் இருந்தோம். பெருமழை. எங்களில் மூவர் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. எண்ணூர் முகத்துவாரத்தில் வெள்ளநீரோடு எண்ணெய் கலந்து, படகும் வலையும் கறுத்துப்போன காட்சியை அந்தத் தோழி இன்றும் சொல்லுவாள்.

நீர் வடிந்தபின் தெருவுக்குக் கணக்கெடுக்க வந்தவர்கள் இரண்டே கேள்விகள் கேட்டார்கள். "எவ்வளவு உயரம் நீர் நின்றது? எத்தனை நாள் நின்றது?" பக்கத்து வீட்டு ஆயா முழங்கால் என்றார். எதிர்வீட்டு மாமா இடுப்பு என்றார். ஒருவர் மூன்று நாள் என்றார், இன்னொருவர் ஐந்து நாள் என்றார். யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். அந்த வெள்ளத்தில் அரிசியும் புத்தகமும் இழந்தவர்கள் நாங்கள். ஆயினும் அதைப் பற்றி ஒரு சரியான எண்ணைக்கூடச் சொல்ல முடியாமல் நின்றோம். பள்ளி திறந்ததும் எங்கள் அறிவியல் ஆசிரியையான சிஸ்டரிடம் இதைச் சொன்னபோது, அவர் ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். "அடுத்த மழைக்காலத்தில் உங்களிடம் பதில் இருக்க வேண்டும்" என்றார்.

நமக்கு முன்னே எழுதியவர்கள்

இது புதிய வேலை அன்று. இராயபுரத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்திலுள்ள புனித ஜார்ஜ் கோட்டையில் உதவி மருத்துவராக இருந்த வில்லியம் ராக்ஸ்பர்க் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் ஒரு வானிலை நாட்குறிப்பு எழுதி வந்தார். அது 1778ஆம் ஆண்டு லண்டன் ராயல் சங்கத்தின் ஏட்டில் வெளியாயிற்று. பிற்காலத்தில் அவர் புகழ்பெற்ற தாவரவியலாளர் ஆனார். காக்கிநாடாவுக்கு அருகே சாமல்கோட்டையில் இருந்தபோதும் மழையை அளப்பதை அவர் விடவில்லை. 1789 முதல் சில ஆண்டுகள் அப்பகுதியில் மழை பொய்த்துக் கொடும்பஞ்சம் வந்தது. அந்த ஆண்டுகளின் மழைக் கணக்கை, இரு நூற்றாண்டுகள் கழித்து, எல் நினோ என்னும் கடல் வெப்ப மாறுதலை ஆராயும் அறிஞர்கள் பயன்படுத்தினார்கள். அந்த மருத்துவர் எல் நினோ என்ற சொல்லையே கேட்டிருக்க மாட்டார். தம் கண்ணால் கண்டதை நாள்தோறும் எழுதினார். பயன் பின்னால் வந்தது.

1792ஆம் ஆண்டு நுங்கம்பாக்கத்தில் சென்னை வானாய்வுக் கூடம் அமைந்தது. 1796 முதல் அங்கே வானிலைக் குறிப்புகள் எடுக்கப்பட்டன. தமிழ் உட்படப் பல மொழிகளில் எழுத்துப் பொறித்த அதன் கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. அதே வளாகத்தில்தான் இப்போது மண்டல வானிலை ஆய்வு மையம் இயங்குகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875இல் தோன்றியது. அப்படியானால் நம் ஊரின் குறிப்பேடு அந்தத் துறைக்கே மூத்தது!

திருச்சபையின் துறவியரும் இப்பணியில் சிறந்திருக்கிறார்கள். கல்கத்தா புனித சவேரியார் கல்லூரியில் இருந்த இயேசு சபைத் தந்தை லாஃபோன், தம் கருவிகளில் கண்ட மாறுதலைக் கொண்டு 1867ஆம் ஆண்டு வரவிருந்த புயலை முன்னறிந்து சொன்னார். பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலா நகரில் இயேசு சபையினர் 1865இல் ஒரு வானாய்வுக் கூடம் தொடங்கினார்கள். அங்கிருந்து தந்தை பவுரா 1879இல் புயல் எச்சரிக்கை விடுத்தார். வானத்தைப் பார்த்துக் காலநிலையை அறியத் தெரிந்த மக்களுக்குக் காலத்தின் அறிகுறிகளை அறியத் தெரியவில்லையே என்று ஆண்டவர் வருந்தியதை மத்தேயு நற்செய்தியில் படிக்கிறோம். அந்தத் தந்தையர் இரண்டையும் அறிந்தவர்கள் என்று எங்களுக்குத் தோன்றியது.

பெண்களாகிய நாம் பெருமையோடு நினைக்க வேண்டியவர் அன்னா மணி அம்மையார். 1918இல் பீருமேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டார் வைரத் தோடு கொடுக்க முன்வந்தபோது, அது வேண்டாம், கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்டு வாங்கியவர். 1948இல் வானிலைத் துறையில் சேர்ந்தார். அதுவரை நாம் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்த வானிலைக் கருவிகள் பலவற்றை நம் நாட்டிலேயே செய்ய வழி வகுத்தார். ஏறக்குறைய நூறு கருவிகளுக்கு முறையான வரைபடம் தயாரித்த பெருமை அவரைச் சாரும். கருவி தவறானால் அளவும் தவறு, தவறான அளவைவிட அளவே இல்லாதது மேல் என்பது அவர் கொள்கை. இதன் பொருள் எங்களுக்குப் பின்னால்தான் விளங்கியது. அதைப் பிறகு சொல்கிறோம்.

நமது குளிர்காலம்

படங்களில் வரும் பனிமழைக் குளிர்காலம் நமக்கு இல்லை. நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். மார்கழியும் தையும் முன்பனிக்காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். எனவே நம் குறிப்பேடு ஐப்பசியில் தொடங்கி மாசி வரை போனால் குளிர்காலம் முழுவதும் அடங்கிவிடும்.

இந்தியாவின் பெரும்பகுதி தென்மேற்குப் பருவக்காற்றில் நனைகிறது. நமக்கோ ஐப்பசியில் காற்றுத் திசை மாறி, வங்காள விரிகுடாவின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வடகிழக்கிலிருந்து வீசும்போதுதான் பெருமழை. அக்டோபர் பிற்பாதியில் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும் இந்த மழையே சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நிறைவதும் இதனால்தான். இது குறைந்தால் என்ன ஆகும் என்பதை 2019ஆம் ஆண்டுக் கோடையில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு நின்றவர்கள் அறிவார்கள்.

தேவையான கருவிகள்

கடைக்குப் போக வேண்டியதில்லை. பெரும்பாலும் வீட்டிலேயே கிடைப்பவைதாம்.

முதலாவது மழைமானி. பக்கங்கள் நேராக உள்ள ஒரு பெரிய பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து, கழுத்துப் பகுதியை வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்து அதன்மேலேயே புனல்போலப் பொருத்த வேண்டும். புனல் இருந்தால் நீர் ஆவியாவது குறையும். பாட்டிலின் அடி மேடு பள்ளமாக இருக்கும். ஆகையால் சில கூழாங்கற்களைப் போட்டு, அவை மூழ்கும்வரை நீர் ஊற்றி, அந்த நீர்மட்டத்தைச் சுழி என்று குறித்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து மேல்நோக்கி ஓர் அளவுகோலை ஒட்டினால் மழைமானி தயார். கற்கள் காற்றில் சாயாமலும் காக்கும். மரம், சுவர், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றிலிருந்து விலகிய திறந்த மாடியில் வைக்க வேண்டும். நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு அளந்து எழுதிவிட்டு, நீரைச் சுழிக்குக் கொண்டுவர வேண்டும். ஏன் எட்டரை மணி? வானிலைத் துறை முந்திய 24 மணி நேர மழையைக் கணக்கிடுவது அந்த நேரத்தில்தான். நாமும் அப்படியே செய்தால் நம் அளவைச் செய்தித்தாளில் வரும் அளவோடு ஒப்பிடலாம். புயல் நாளில் பாட்டில் நிரம்பி வழிந்துவிடும். அப்போது மூன்று மணிக்கொரு முறை அளந்து கூட்டிக்கொள்ள வேண்டும்.

மழையை நீளத்தில் அளப்பது ஏன் என்று ஒருத்தி கேட்டாள். விடை அழகானது. ஒரு சதுர மீட்டர் தரையில் 1 மி.மீ. மழை பெய்தால் அது சரியாக 1 லிட்டர். 500 சதுர அடி மாடி ஏறக்குறைய 46 சதுர மீட்டர். அதில் 10 செ.மீ. மழை பெய்தால் 4,600 லிட்டர். குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 300 குடங்களுக்கு மேல்! மழைநீர் சேகரிப்பை 2003ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியதன் பொருள் இந்தச் சிறு கணக்கில் விளங்கும்.

இரண்டாவது வெப்பமானி. வெயிலில் வைத்தால் அது காற்றின் வெப்பத்தைக் காட்டாது, தான் சூடேறிய வெப்பத்தையே காட்டும். அதனால்தான் வானிலை நிலையங்களில் காற்றுப் புகும் சாய்பலகைகள் உள்ள வெள்ளைப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். இதற்கு ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். இதை அமைத்த தாமஸ் ஸ்டீவன்சன், 'புதையல் தீவு' நாவலை எழுதிய ஆசிரியரின் தந்தை. நமக்கு நிழலான வடக்குச் சுவரே போதும். அடுப்படியின் சூடு படாமல், தரையிலிருந்து நான்கு அடி உயரத்தில் மாட்ட வேண்டும். நுங்கம்பாக்கத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 பாகை செல்சியஸ். அது 1895 டிசம்பரில். இதை அறிந்தபின், 20 பாகைக்கே போர்வையை இழுத்துக்கொள்வதைச் சற்றுக் குறைத்திருக்கிறோம்.

மூன்றாவது காற்றுத் திசை. மாடியில் ஒரு கழியில் நீண்ட ரிப்பன் கட்டினால் போதும். காற்றின் பெயர் அது எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையின் பெயர். நம் மொழியில் வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை. நம் பகுதியில் திசை கண்டுபிடிக்கக் காந்த ஊசிகூட வேண்டாம். கடல் கிழக்கே இருக்கிறது. திருவொற்றியூரில் நின்றால் எண்ணூர் வடக்கு, மணலி மேற்கு, துறைமுகம் தெற்கு.

நான்காவது வானம். வானத்தை எட்டுப் பங்காக எண்ணி எத்தனை பங்கு மேகம் மூடியிருக்கிறது என்று எழுத வேண்டும். மேகங்களுக்குப் பெயரிடும் முறையை 1802இல் வகுத்தவர் லூக் ஹோவார்டு என்ற லண்டன் மருந்து வணிகர். அவரும் நம்மைப்போல் ஆர்வத்தால் வானம் பார்த்தவரே. வெண்பஞ்சு இழைபோல் உயரத்தில் இருப்பது கீற்று மேகம். குவியலாக நிற்பது திரள் மேகம். போர்வைபோல் விரிந்து மூடுவது படை மேகம். கறுத்து மழை பொழிவது கார்மேகம்.

ஐந்தாவது, ஈரப்பதத்துக்கு எங்களிடம் கருவி இல்லை. ஆனால் சீருடை இருக்கிறது! காலை ஏழு மணிக்குக் கொடியில் போட்ட சீருடைப் பாவாடை எத்தனை மணிக்குக் காய்ந்தது என்று எழுதுகிறோம். கார்த்திகையில் அது இரண்டு நாளும் காயாது. தையில் பள்ளி மணி அடிக்கும்முன் காய்ந்துவிடும்.

ஒரு நாளுக்கு ஒரு வரி

குறிப்பேட்டில் கோடு கிழித்துக்கொண்டு இவற்றை எழுதலாம்: தேதி, காலை வெப்பம், பிற்பகல் வெப்பம், மழை அளவு, காற்றுத் திசை, மேகம், கடலின் நிலை, பிற குறிப்பு. பிற குறிப்பு என்ற கட்டம்தான் சுவையானது. "விடியற்காலையில் பனி." "படகுகள் கடலுக்குப் போகவில்லை." "தெருமுனைக் கல்வெட்டுக்கு மேல் நீர் வந்தது, மாலை நான்குக்கு வடிந்தது." இப்படி ஒரு வரி போதும். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

மழைக்கு வானிலைத் துறை வகுத்த சொற்களும் தெரிந்திருப்பது நல்லது. ஒரு நாளில் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் அது மழை நாள். 15.5 மி.மீ. வரை இலேசான மழை. 64.4 மி.மீ. வரை மிதமான மழை. 115.5 மி.மீ. வரை கனமழை. 204.4 மி.மீ. வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதிகனமழை.

மாதக் கடைசியில் ஐவரும் சேர்ந்து ஒப்பிடுவோம். முதல் மாதமே வியப்பு. இராயபுரத்தில் பாட்டில் பாதி நிறைந்த காலையில் எண்ணூரில் கூழாங்கல் மட்டும் நனைந்திருந்தது. யாரோ தவறாக அளந்துவிட்டாள் என்று சண்டையே வந்தது. பிறகு சிஸ்டர் 2015ஆம் ஆண்டுக் கணக்கைக் காட்டினார். டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., மீனம்பாக்கத்தில் 35 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. ஒரே நகரம், ஒரே இரவு, மூன்று வேறு மழைகள்! நம் தெருவில் பெய்த மழையை நாம்தான் அளக்க வேண்டும். வேறு யாரும் அளந்து தர மாட்டார்கள் என்பது அன்று புரிந்தது.

இன்னொன்றும் கண்டோம். ஐப்பசி கார்த்திகை மழை பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் பெய்கிறது. இரவில் தரை குளிர்கிறது, கடல் வெப்பமாகவே இருக்கிறது. தரையிலிருந்து கடலை நோக்கி எழும் மெல்லிய காற்று, எதிரே வரும் பருவக்காற்றோடு கரையோரத்தில் மோதுகிறது. ஈரக்காற்று மேலெழுந்து மழையாகிறது. பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில்தான் மழை வருகிறது என்று நாம் குறை சொல்வதற்கு இப்படி ஒரு காரணம் இருக்கிறது.

கார்த்திகைக்கு மேல் மழையுமில்லை, கர்ணனுக்கு மேல் கொடையுமில்லை என்பது பழமொழி. இதையும் தேதிகளோடு சோதித்தோம். 2015 டிசம்பர் 1ஆம் தேதிப் பெருமழை, 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல், 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் மழை ஆகிய மூன்றும் கார்த்திகை மாதத்தில்தான் வருகின்றன. பழமொழி சொன்ன பெரியோரும் மனத்தில் ஒரு குறிப்பேடு வைத்திருந்தார்கள் போலும்.

ரிப்பன் சொல்லும் புயல் செய்தி

காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் காற்றழுத்தம் குறைந்த இடம் நம் இடக்கைப் பக்கம் இருக்கும். இது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே உள்ள நாடுகளுக்கான விதி. பைஸ் பாலட் என்ற டச்சு நாட்டு அறிஞர் 1857இல் கூறியது. வடகிழக்குக் காற்று வீசும்போது முதுகைக் காட்டி நில்லுங்கள். முகம் தென்மேற்கே இருக்கும். இடக்கை தென்கிழக்கே வங்காள விரிகுடாவைக் காட்டும். தாழ்வு மண்டலம் அங்கேதான்!

நம் பகுதியில் புயல்காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழல்கிறது. அதனால் ரிப்பன் திரும்பும் விதத்தைக் கொண்டு புயல் எந்தப் பக்கம் போகிறது என்று ஊகிக்கலாம். வடகிழக்குக் காற்று கிழக்காகி, பிறகு தென்கிழக்கானால், புயல் நமக்குத் தெற்கே கரை கடக்கிறது. 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் அத்தகையது. வடகாற்று வடமேற்காகி, பிறகு மேற்கானால், புயல் கடலிலேயே நமக்குக் கிழக்கே வடக்கு நோக்கிப் போகிறது. மிக்ஜாம் அப்படித்தான் நம்மைக் கடந்து ஆந்திரக் கரைக்குப் போயிற்று. பலத்த காற்று திடீரென அடங்கி, சிறிது நேரம் கழித்து எதிர்த்திசையிலிருந்து வீசினால், புயலின் கண் நம் தலைக்கு மேலேயே போகிறது என்று பொருள். வர்தா புயலின்போது அந்த அமைதியை நம்பி வெளியே வருவது எவ்வளவு ஆபத்து என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டையும் நாங்கள் எழுதி வைக்கிறோம். பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகளும் அடையாளம். 1ஆம் எண்ணும் 2ஆம் எண்ணும் தொலைவில் கடலில் உள்ள ஆபத்தைக் குறிப்பன. 3ஆம் எண், துறைமுகத்தில் பலத்த காற்று வீசக்கூடும் என்று சொல்வது. 4ஆம் எண், புயல் துறைமுகத்தைத் தாக்கலாம் என்ற எச்சரிக்கை. 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். 11 ஏறினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். துறைமுக நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியில் 2002ஆம் ஆண்டு நிறுவிய டாப்ளர் ராடார்தான் இந்நாட்டின் முதல் டாப்ளர் வானிலை ராடார். நம் வீட்டு ரிப்பன் அதற்குப் போட்டி ஆகாது. ராடாரும் வானிலை மையமும் சொல்வதைப் புரிந்துகொள்ள ரிப்பன் உதவும், அவ்வளவே. எச்சரிக்கை வந்தால் அதற்குப் பணிவதே அறிவு.

பனியும் புகையும்

தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். மழை ஓய்ந்த மார்கழி தை மாதங்களில் குறிப்பேட்டை மூடிவிட வேண்டாம். தொழிற்சாலைகள் நிறைந்த நம் பகுதிக்கு இதுவே முக்கியமான காலம். சாதாரணமாகத் தரையருகே உள்ள காற்று சூடாகி மேலே எழும், புகையையும் உடன் கொண்டுபோகும். தெளிந்த பனி இரவில் தரை விரைவாகக் குளிர்ந்து அதையொட்டிய காற்றையும் குளிர்விக்கிறது. மேலே வெப்பமான காற்று, கீழே குளிர்ந்த காற்று. குளிர்ந்த காற்று கனமானது, எழாது. மூடி போட்ட சட்டிபோல் புகை கீழேயே தங்கிவிடும். வெயில் ஏறிய பின்தான் மூடி திறக்கும். போகிப் பண்டிகையின் விடியலில் புகையும் பனியும் கலந்து எதிரே வருபவர் தெரியாமல் போவது இதனால்தான். பழைய பாயையும் டயரையும் எரிக்காதீர்கள் என்று அரசு கேட்டுக்கொள்வதும் இதனால்தான்.

காற்றில் வாடை அடித்தால் அதையும் நாங்கள் எழுதுகிறோம். எத்தனை மணிக்கு, எந்தக் காற்றில், எவ்வகை வாடை என்று மூன்றே சொற்கள். 2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, உறங்கிக்கொண்டிருந்த மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. எங்கள் எண்ணூர்த் தோழி அந்த இரவைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஆனால் அவள் குறிப்பேட்டில் காற்றுத் திசை ஒரு நாளும் விடுபடுவதில்லை. வாயு கசியும் நேரத்தில் காற்று போகும் திசையிலேயே ஓடக் கூடாது, குறுக்காக விலகி ஓட வேண்டும், ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூட வேண்டும் என்று வீட்டார் அனைவருக்கும் அவள் சொல்லி வைத்திருக்கிறாள். காற்று எந்தப் பக்கம் என்பதை அறியாதவருக்கு இந்த அறிவுரையால் பயனில்லை.

ஒரு பிழையும் ஒரு பயனும்

எங்கள் பிழையையும் மறைக்க விரும்பவில்லை. எங்களுள் ஒருத்தி உறவினர் திருமணத்துக்குப் போய் மூன்று நாள் எழுதத் தவறிவிட்டாள். திரும்பி வந்து செய்தித்தாளைப் பார்த்து நுங்கம்பாக்கத்து அளவையே தன் அளவாக எழுதிவிட்டாள். மாதக் கடைசியில் ஒப்பிட்டபோது அது தெரிந்துவிட்டது. அவள் அழுதாள். சிஸ்டர் கடிந்துகொள்ளவில்லை. "வெறுமையாக விட்ட கட்டம் உண்மையைச் சொல்கிறது, நாங்கள் அளக்கவில்லை என்ற உண்மையை. நிரப்பிய கட்டம் பொய் சொல்கிறது. பிறகு எது மெய், எது பொய் என்று யாருக்கும் தெரியாது" என்றார். அன்னா மணி அம்மையாரின் கொள்கை அன்றுதான் எங்களுக்கு விளங்கியது. இப்போது விடுபட்ட நாளுக்குச் சிறு கோடு போடுகிறோம். கோடுகள் இருப்பதில் வெட்கமில்லை.

பயனையும் சொல்ல வேண்டும். திருவொற்றியூர்த் தோழி தன் தெருவில் நீர் ஏறிய நாள்களை எல்லாம் சிவப்பு மையால் குறித்து வந்தாள். அவை எல்லாவற்றிலும் கனமழை இருந்தது. ஆனால் கனமழை பெய்த எல்லா நாளிலும் நீர் ஏறவில்லை. காரணம் புரியாமல் காலண்டரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சிவப்பு நாள்கள் பெரும்பாலும் அமாவாசையையோ பௌர்ணமியையோ ஒட்டி இருந்தன. அந்நாள்களில் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் கடலின் ஏற்றம் மிகுதி. நம் கரையில் அது ஏறக்குறைய ஒரு மீட்டர் வரை இருக்கும். கடல் உயர்ந்து நிற்கும்போது கால்வாயும் ஆறும் முகத்துவாரத்தில் வடிய இடமின்றித் தேங்குகின்றன. தாழ்ந்த தெருவுக்கு இது போதும்.

சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு. மூன்று மணி நேரத்தில் அவள் பாட்டில் முக்கால் பங்கு நிறைந்தது. மறுநாள் பௌர்ணமி. அவள் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் காட்டினாள். அப்பா முதலில் சிரித்தார். பிறகு ஒரு பக்கம் புரட்டினார், இன்னொரு பக்கம் புரட்டினார். எழுந்து அரிசி டிரம்மைக் கட்டிலின் மேல் ஏற்றினார். பக்கத்து வீட்டு ஆயாவையும் எழுப்பி மாடிக்கு அழைத்து வந்தார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு நீர் வாசற்படியைத் தாண்டியது. இம்முறை அரிசி நனையவில்லை. நீரின் உயரம் 23 செ.மீ. என்று அவள் அளவுகோலால் அளந்து எழுதினாள். வடிய ஒன்றரை நாள் ஆயிற்று என்றும் எழுதினாள். இனி யார் வந்து கேட்டாலும் அந்தத் தெருவிடம் பதில் இருக்கிறது.

அன்புத் தோழியரே! ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பாட்டில், ஒரு முழம் ரிப்பன், நாள்தோறும் ஐந்து நிமிடம். வரும் ஐப்பசி முதல் நாள் தொடங்குங்கள். தாய்மாரும் தந்தைமாரும் மாடியில் பாட்டிலைக் கண்டால் குப்பை என்று எறிந்துவிடாதிருக்க வேண்டுகிறோம். வீட்டில் ஆயா தாத்தா இருந்தால் அவர்கள் கண்ட புயல்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மழையை நிறுத்தவோ பெய்விக்கவோ நம்மால் ஆகாது, அது இறைவன் கையில் இருக்கிறது. அவர் அனுப்பியதை உள்ளபடி எழுதி வைப்பது நம் கையில் இருக்கிறது.